நாலாவது போல்ட்டு

சூலியா ஸ்திரீட் நட்டு போல்ட்டுக் கடையில் கார்த்திகேசுவுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அவர் புதுப்பித்துக்கொண்டிருந்த தன் பழைய மோரிஸ் மைனர் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு நான்கு போல்ட்டுகள். மூன்றுக்குப் புது நட்டு கிடைத்துவிட்டது. நாலாவதில் எந்த நட்டும் ஏறவில்லை.

"எந்த மடையன் இதக் கொண்டாந்து சொருவுனானோ!"

கடைக்காரர் சின்னையா மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்துச் சிரித்தார். "மரை இஞ்சு அளவுமில்ல, மில்லி அளவுமில்ல. இது கார் சாமானே இல்லண்ணே. தையல் மெஷின் மிதிகட்டை போல்ட்டுலா."

கார்த்திகேசு போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த இருக்கை ஆடுகிறதென்று ஒரு காலத்தில் தினமும் காலையில் வீட்டையே இரண்டாக்கியவர் அவர். ஒருநாள் ஆட்டம் நின்றது. எப்படியென்று அவர் கேட்கவில்லை. அதே வாரம்தான் மனைவி தனலெட்சுமி, "தையல் மெஷின்ல ஒரு போல்ட்டு இல்லங்க, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்றே வருஷங்கள் ஓடின. கண்மூடும்வரை அவள் கையாலேயே தைத்தாள். கருமாதி முடிந்ததும், ஓடாத மெஷின் எதற்கென்று பழைய இரும்பு லோரியில் அவர்தான் ஏற்றிவிட்டார்.

"காருக்கு வேற போல்ட்டு தர்றேன். இத வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. மெஷின் இருக்குல்ல?"

கார்த்திகேசு போல்ட்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"இருந்துச்சு" என்றார்.