குளுவாங் பஸ்

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ராஜசேகரனை, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனி ஊன்றி நடக்கலாம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பத்து பகாட் ஊரிலிருந்த வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குப் பயம் விடவில்லை.

வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் பிரவீனா வருவாள். சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்து நின்றுகொண்டு, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். அவள் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

"வலது கால்ல நல்லா ஊணுங்க அங்கிள். தாங்கும் லா, பயப்படாதீங்க."

அவள் எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். அவள் கார் தெருமுனை திரும்பியதும் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். மறுநாள் மனைவி செல்லம் கெஞ்சினாலும் திட்டினாலும் பதில் ஒன்றுதான்: "நாளைக்குப் பாக்கலாம்."

வலியைவிட வெட்கம்தான் அதிகம். வேலையில் இருந்த காலமெல்லாம் குளுவாங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் அவர். ஓடும் பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்தவர். பள்ளம் வருமுன்பே முழங்கால் தானாக மடங்கிக்கொடுக்கும். அப்படிப்பட்டவருக்கு, ஆடாத அசையாத சமையலறைத் தரையில் நிற்கக் கால் வெடவெடத்தது.

ஒருநாள் ஐயாசாமி ஒரு பொட்டலம் கோரேங் பீசாங்கோடு பார்க்க வந்தார். அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவர்தான். சூடான வாழைப்பழ வறுவலைத் தட்டில் கொட்டிக்கொண்டே செல்லம் குறையெல்லாம் சொல்லி முடித்தாள். ஐயாசாமி பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையல் மேடைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை அகலமாக விரித்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"எழுந்திரு சேகரு. பஸ் கெளம்பப்போவுது."

"சும்மா இருங்கண்ணே."

"பாசெஞ்சருங்க ஏறிட்டாங்க. கண்டக்டரு உக்காந்திருந்தா எப்படி லா?"

செல்லம் சிரித்துவிட்டாள். ராஜசேகரன் முறைத்தார். ஆனாலும் வாக்கரை ஊன்றி எழுந்துபோய் மேடையைப் பிடித்தார். பிரவீனா சொல்லிக்கொடுத்தபடி செல்லம் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

வாயாலேயே இஞ்சினை உறுமவிட்டார் ஐயாசாமி. "டவுன் தாண்டியாச்சு. இப்ப எடப்பக்கம் வளைவு!"

பஸ் இடப்பக்கம் திரும்பினால் ஆள் வலப்பக்கம் சாய்வான். வலது கால்தான் தாங்க வேண்டும். ராஜசேகரன் யோசிக்கவே இல்லை. கால் ஊன்றியது. சுருக்கென்று வலித்தது. ஆனால் தாங்கியது.

"சோத்துக்கைப் பக்கம்! மெதுவா, மெதுவா, லோரி வருது!"

இப்போது இடது கால். கண்ணை மூடினால் திறந்த ஜன்னல் வழியாக ரப்பர்ப்பால் நெடியும், ஈரக்காற்றும், கூடையோடு ஏறும் சீனக்கிழவி நடுவழியில் நின்றுகொண்டு போடும் சண்டையும் வந்தன.

"பாரிட் ராஜா ஸ்டாப்பு," என்றார் ஐயாசாமி. "ஒரு பொண்ணு கை காட்டுது. துணி ஃபேக்டரிக்குப் போற பொண்ணு. நிறுத்தவா, போவவா?"

செல்லம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நிறுத்துங்கண்ணே," என்றார் ராஜசேகரன்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன. ஸ்டாப்புக்கு முன்னாடியே பெல்ல அடிச்சிட்டு நின்ன."

"அன்னிக்கு நா ஸ்டாப்புல நிக்கலைன்னா பஸ்ஸு போயிருக்குமா?" என்று கேட்டாள் செல்லம்.

"நானா போவேன்? இவன் குதிச்சிருப்பான்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ராஜசேகரன் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ் அன்று பாதி வழியிலிருக்கும் ஆயர் ஈத்தாம் வரைகூடப் போகவில்லை.

அதன் பிறகு காலையானால் ஐயாசாமி வந்துவிடுவார். வளைவுகளைப் பற்றி இருவருக்கும் சண்டை வரும், சண்டையிலேயே பயிற்சியும் முடிந்துவிடும். அடுத்த முறை வந்த பிரவீனா, "என்ன அங்கிள், அலமாக், கால் இப்படி ஊணுது!" என்று வியந்தாள். அவர் பஸ் கதையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "ஆன்ட்டியோட சாப்பாடு," என்றார்.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்த பிறகு ஒருநாள் செல்லத்திடம் கேட்டார். "குளுவாங் போயிட்டு வரலாமா?"

"அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. சும்மா."

அவர்கள் ஏறியது குளிரூட்டிய பஸ். கண்டக்டர் இல்லை, ஜன்னலும் திறக்காது. ராஜசேகரன் கண்ணாடியில் விரலை வைத்து, இங்கேதான் சீனன் காப்பிக்கடை, அங்கேதான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் இருந்தது என்று காட்டிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய பக்கமெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான் நின்றது. செல்லம் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, "ஆமாங்க," என்றாள்.