கிண்ணத்தின் அடிவரை

காலை ஏழு மணிக்கு, ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் விற்கும் தன் கடையின் வாசல் துணியைத் தொங்கவிட்டதும் தோமிகோ செய்கிற முதல் வேலை, அண்டாவின் மேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்ப்பது. அன்றும் இழுத்தாள். ஆவி முகத்தில் பட்டது, மூக்குக்கண்ணாடி மங்கியது, மூக்குக்கு மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. பன்றி எலும்பும் காய்ந்த நெத்திலியும் கொதிக்கிற அண்டா அது. தெருமுனையில் வருகிறவனுக்கே வயிற்றைக் கிள்ளும் என்று கிடாகாதா ஊரில் பேர். அவளுக்கு அது வெறும் வெந்நீர்.

புத்தாண்டு கழிந்து வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். அதைச் சொல்லவா அவ்வளவு படித்தார் என்று தோமிகோவுக்குத் தோன்றியது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. முப்பத்தோரு வருடம் பழகிய கைக்கு அளவு மறந்தா போகும்? ஒவ்வொரு கிண்ணத்திலும் முதலில் உப்புக்குச் சோயாச் சாறு, அதன்மேல் சூப். ஆனால் சில நாள் கை தயங்கும். போதாதோ என்று இன்னும் அரைக் கரண்டி விடுவாள். அந்த அரைக் கரண்டி எந்த நாளில் வழக்கமாகிப் போனது என்று அவளுக்கே தெரியாது.

அதிலிருந்து நாட்கள் தரையில் கால் பாவாமல் நகர்ந்துகொண்டிருந்தன. மார்ச் பிறந்தும் பனி நின்றபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே அது சத்தமில்லாமல் இறங்கும், உள்ளே ஆவி சத்தமில்லாமல் ஏறும், நடுவில் நிற்கிற தான் விழித்திருக்கிறோமா கனவு காண்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகம் வரும். பயம் ஒன்றுதான் கண் கொட்டாமல் விழித்திருந்தது. சூப் கெட்டுப்போய்விட்டதோ, தனக்குத் தெரியாமலே ஊருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறோமோ? அப்படியானால் கடையை மூடிவிட வேண்டியதுதான். இந்த ஊரில் யாரும் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள். சூப்பை அடிவரை குடித்தால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம், மிச்சம் வைத்தால் இல்லை என்று அர்த்தம். தினமும் அவள் கிண்ணங்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாம் காலி. அந்தக் காலிக் கிண்ணங்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு மாதத்தைத் தள்ளினாள்.

வாடகைக் கார் ஓட்டும் இசெகி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே, ஓய்வு பெற்ற தபால்காரர் ஷிராய்.

"என்ன பனி அக்கா இது! காரைத் தோண்டி எடுக்கவே ஒரு மணி நேரமாச்சு."

"உன் தொப்பையாலே முட்டித் தள்ளியிருந்தா அஞ்சு நிமிஷம்," என்றார் ஷிராய்.

இருவரும் குடித்து முடிக்கிற நேரத்தில் கதவு நகர்ந்தது. செம்பட்டைத் தாடி, முதுகில் பெரிய பை, தலையெல்லாம் பனி. வெளிநாட்டுக்காரன். குனிந்து உள்ளே வந்தவன் இசெகியின் கிண்ணத்தைக் காட்டி ஒரு விரலை நீட்டினான். அவன் முன்னால் ராமென் வந்ததும் சாப்பிடவில்லை. கண்ணை மூடி ஆவியை நெஞ்சு நிறைய இழுத்தான். தோமிகோவுக்குப் பொறாமையாக இருந்தது. அழுகைகூட வந்தது.

"உறிஞ்சுப்பா, சத்தமா உறிஞ்சு. இங்க யாரும் உன்னை அடிக்க மாட்டாங்க," என்று ஷிராய் வெறும் வாயால் உறிஞ்சிக் காட்டினார். அவன் உறிஞ்சினான், புரையேறியது, சிரித்தான், மறுபடி உறிஞ்சினான். நூடுல்ஸ் காலி. பக்கத்திலிருந்த காலிக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, அதேபோல் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு தண்ணீர்க் கோப்பையை எடுத்து, பாதியைச் சூப்பில் ஊற்றிக் குச்சியால் கலக்கி, மடமடவென்று அடிவரை குடித்து, கிண்ணத்தை வைத்துவிட்டு மலர்ந்து சிரித்தான்.



வேறு நாளென்றால் தன் சூப்பில் தண்ணீர் ஊற்றியவனைத் தெருக்கோடி வரை விரட்டியிருப்பாள். ஆனால் தோமிகோ பார்த்தது அவனை அல்ல. ஷிராய் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். இசெகி கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி விழித்தான்.

"இசெகி, என்னைப் பாரு. உப்பா?"

"லேசா... அக்கா."

"எத்தனை நாளா?"

"ஜனவரி கடைசியிலேர்ந்து," என்றார் ஷிராய். "அன்னைக்கு அடுப்புல எண்ணெய் தீயுது, நீ பக்கத்துலயே நின்னு பாட்டை முணுமுணுத்துக்கிட்டிருக்க. உன் மூக்கு போச்சுன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க? உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கே!"

"மிச்சம் வெச்சா நீ கடையை மூடிடுவ. வீட்டுக்குப் போய் நாலு கோப்பை தண்ணி குடிச்சா ஆச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாள் நம்பிய காலிக் கிண்ணங்கள் எல்லாம் பொய். இந்தக் கிழவர் தன் உயிரைக் கரைத்துச் சொன்ன பொய். அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்தாள். தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்த வெளிநாட்டுக்காரன் எழுந்து குனிந்து குனிந்து வணங்கினான். அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

சின்னத் தட்டில் சோயாச் சாற்றைக் குறைவாக விட்டு, மேலே சூப் ஊற்றி எடுத்துவந்தாள். இசெகி கையை நீட்டினான்.

"நான் ருசி பாக்குறேன் அக்கா."

"நீ வாயைத் திறக்காத. கழுநீரைக் குடுத்தாலும் பிரமாதம்னு சொல்லுவ."

தட்டை வெளிநாட்டுக்காரன் முன்னால் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், புரிந்துகொண்டான். குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தண்ணீர்க் கோப்பையைத் தொட்டான். அவள் இன்னும் குறைத்தாள். அதற்கும் அவன் விரல் கோப்பைக்குப் போனது, ஆனால் மெதுவாகப் போனது.

மூன்றாவது தட்டு. ஷிராயும் இசெகியும் மேடைமேல் சாய்ந்து அவன் வாயையே பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக் குடித்தான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தோமிகோ கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, மேடைமேல் கிடந்த அவன் கை தண்ணீர்க் கோப்பைப் பக்கம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.