பிரதான வாசலுக்கு எதிர்க்கடை

மனித நாகரிகம் மூன்று நதிக்கரைகளில் பிறந்தது: நைல், சிந்து, பாலாறு. முதல் இரண்டும் முடிந்துபோயின. மூன்றாவது இன்று மாலை தொடங்குகிறது.

பைபாஸ் ஓரத்தில் நின்ற போர்டு அப்படித்தான் சொன்னது. போர்டில் பாலாறு நீல நிறத்தில் கரைபுரண்டு ஓடியது. போர்டுக்குப் பின்னால் இருந்த அசல் பாலாற்றில் எருமைகள் காய்ந்த மணலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போகிற வழியில், மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷெட்டின் இடத்தில் எழும்பியிருந்தது பாலாறு அரீனா சிட்டி. நடுவில் கவிழ்த்துப்போட்ட அண்டா மாதிரி ஒரு உள்விளையாட்டரங்கம். அதைச் சுற்றி வட்டமாகக் கடைகள், சினிமா தியேட்டர்கள், சாப்பாட்டுக் கூடம், குழந்தைகள் குதிக்கிற காற்றுக் கோட்டை, மேலே ஃபிளாட்டுகள். மழை பெய்தால் மட்டும் தரையிலிருந்து பழைய தொழில் கொஞ்சம் மூக்கில் ஏறும். அதற்கும் முதலாளி துரைசாமி வழி செய்திருந்தார்: ஏசி குழாய்களில் மல்லிகை சென்ட். இரண்டும் கலந்து வந்த வாசனைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த வட்டத்தில், அரங்கத்தின் பிரதான வாசலுக்கு நேர் எதிரே இருந்தது கடை எண் ஒன்று. ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வருகிற எவனும் அதன் கண்ணாடியில் முகம் பார்க்காமல் போக முடியாது. அந்தக் கடைதான் வாஹித் பாஷாவுக்கு வேண்டும். அவர் எக்ஸ்போர்ட் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் மாஸ்டராக இருந்து தலை நரைத்தவர். இப்போது 'வாஹித் மிலானோ' என்று சொந்த பிராண்ட் தொடங்கியிருந்தார். மிலானோ எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் உத்தேசமாக ஜோலார்பேட்டை பக்கம் கையைக் காட்டுவார்.

துரைசாமி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பாய், பெங்களூரு பார்ட்டி ஒருத்தன் அந்தக் கடையக் கேட்டு உயிர வாங்குறான். உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன். திறப்பு விழாவுக்கு நம்ம டீம் உங்க ஷூவப் போட்டு ஆடட்டும். ஆட்டம் முடிஞ்சி ஜனங்க கடைக்கு வந்து அந்த ஷூவக் கேக்கணும். கேட்டா சாவி உங்க கையில. இல்லன்னா அவன் கையில."

நம்ம டீம் என்பது ஆம்பூர் காளைகள் கபடி அணி. காளைகள் இந்த ஊருக்குத் தோலாக வந்துதான் பழக்கம். உயிரோடு, அதுவும் ஜெர்சி போட்டுக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை.

ஆட்டக்காரர்கள் ஆலங்காயம் பக்கத்துப் பையன்கள். வாஹித் பாஷா ஒவ்வொருவனையும் நாற்காலியில் உட்கார வைத்து, வலது காலைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். கேப்டன் செல்வகுமார் இடது காலையும் நீட்டினான்.

"அது வேணாம்பா. ஒரு காலப் பாத்தா முழு மனுஷனையும் சொல்லிடுவேன்."

அளவுகளைப் பழைய சாம்பிள் ரூம் தோஸ்த் சமீருல்லாவிடம் கொடுத்தார். "ஆளுக்கு ரெண்டு ஷூ. எனக்கும் ரெண்டு. வேலை சாம்பிள் மாதிரியே இருக்கணும், ஒரு தையல் பிசகக் கூடாது" என்றார். சமீருல்லா சொன்ன மாதிரியே செய்தான். பெட்டிகள் வந்தன. வாஹித் பாஷா ஒவ்வொன்றையும் திறந்து, தையலை நகத்தால் வருடி, தோலை மோந்து பார்த்து, சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர் மாதிரி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். பாஸ்.

விழா அன்று அவர் தம்முடைய ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்ததைப் பார்த்த மனைவி நசீமுன்னிசா கேட்டாள்:

"இன்னாங்க, நொண்டுறீங்க?"

"நொண்டல. புதுத் தோலு. கொஞ்சம் புடிக்கும்."

"எடது கால்தானே நொண்டுது? தோலு ஒரு பக்கம் மட்டும் புதுசா?"

"எக்ஸ்போர்ட் ஷூ பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. நான் ரப்பர் செருப்பு போட்டுக்கினு வர்றேன். ரெண்டு காலும் நடக்கும்."

அரங்கத்துக்குள் கால் வைக்க இடமில்லை. காட்பாடியிலிருந்து ரயில் ஏறி வந்த காலேஜ் கூட்டம், ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்த ஷூ கம்பெனிப் பெண்கள், லாங் பஜாரில் ஷட்டரை இறக்கிவிட்டு வந்த வியாபாரிகள். பறை அதிர்ந்தது, விளக்குகள் சுழன்றன, கூரையிலிருந்து புகை இறங்கியது. புகை ஜாஸ்தியாகிப் போய் மேடையிலிருந்த முக்கியஸ்தர்கள் கொஞ்ச நேரம் காணாமல் போனார்கள், யாரும் தேடவில்லை. காளைகள் ஓடி வந்தபோது எழுந்த சத்தத்தில் முன்வரிசையில் இருந்த வாஹித் பாஷா எழுந்து நின்றுவிட்டார். ராட்சதத் திரையில் அவருடைய ஷூக்கள், ஒவ்வொன்றும் ஒரு படகு சைஸில், மின்னின.

செல்வகுமார் கோட்டோரம் வந்து குனிந்தான்.

"பாய், எடது கால் செம கடி."

"ஆட ஆட எளகிடும்பா. இது எக்ஸ்போர்ட்."

செல்வகுமார் திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் சொன்னான்: "எக்ஸ்போர்ட்டாம்டா. பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டார்கள். நேராக ரெய்டு போனவன் தன்னையறியாமல் இடது பக்கம் சாய்ந்து போய் எதிரியின் மடியில் விழுந்தான். பிடிக்கப் போனவன் பக்கத்தில் நின்ற சொந்த ஆளையே பிடித்தான். மைக்கில் இருந்தவர், "காளைகள் ஒரு புதிய சாய்வு உத்தியைக் கையாள்கிறார்கள்" என்று ஊருக்கு விளக்கினார். உத்தியின் பலனாக இடைவேளையில் காளைகள் பதினொரு புள்ளி பின்னால் இருந்தார்கள். மேல் வரிசையில் பெங்களூரு பார்ட்டி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடையின் சாவி பாலாற்று மணலில் புதைவதை வாஹித் பாஷா கண்ணால் பார்த்தார்.

இடைவேளை முடிந்ததும் செல்வகுமார் ஷூக்களைக் கழற்றி எறிந்தான். மற்றவர்களும் கழற்றினார்கள். நட்புப் போட்டிதானே என்று நடுவர் விட்டுவிட்டார். அதன்பிறகு நடந்ததை ஆம்பூர் இன்னும் பேசுகிறது. வெறுங்காலில் காளைகள் பறந்தார்கள். ஒரு ரெய்டில் மூன்று பேர் அவுட். ஷூ கம்பெனிப் பெண்கள் நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தார்கள். நசீமுன்னிசா பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி ரெய்டில் செல்வகுமார் நாலு பேரை இழுத்துக்கொண்டே வந்து விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான். ஒரு புள்ளியில் வெற்றி.

வெறி பிடித்த மாதிரி ஆடிய பையன்கள், கழற்றிப் போட்ட ஷூக்களை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் பாய்ந்தார்கள்.

வாஹித் பாஷா வெளியே ஓடி, அதாவது நொண்டி, வந்தபோது கடை எண் ஒன்றின் முன்னால் ஒரு பெருங்கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் ஷூவைத்தான் கேட்டார்கள். வாயில் ஸ்டிரா வைத்த ஒரு காலேஜ்காரன் தன் கையிலிருந்ததைக் காட்டினான்.

"பாய், எனக்கு இது ஒன்னுதான் கெடச்சுது. இதுக்கு எடது கால் குடுங்க."

"எனக்கும் எடதுதான் வேணும்" என்றார் பக்கத்திலிருந்த வியாபாரி.

"என்கிட்ட ரெண்டு இருக்குது. ஆனா ரெண்டும் ஒரே கால் பாய். ஒன்ன மாத்திக் குடுங்க."

நசீமுன்னிசா நாலைந்து கைகளிலிருந்து ஷூக்களை வாங்கி, திண்டின் மேல் வரிசையாக வைத்தாள். அத்தனையும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள்.

வெளிநாட்டு பையருக்குச் சாம்பிள் போனால் ஒரு காலுக்குத்தான் போகும். அதுவும் வலது காலுக்கு. அந்த ரூமில் இடது காலுக்கு அச்சே கிடையாது. ஆளுக்கு ரெண்டு என்று கேட்டார். சமீருல்லா ஆளுக்கு ரெண்டு செய்துவிட்டான். வாழ்நாளெல்லாம் வலது ஷூவையே பார்த்துப் பழகிய வாஹித் பாஷாவின் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"பாய்!" துரைசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், பின்னாலேயே கேமராக்காரன். "நான் இன்னா சொன்னேன்? ஜனங்க வந்து கேக்கணும்னேன். இப்ப எப்டி கேக்குறாங்க பாருங்க. கடை உங்களுது."

சாவி கைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. வாஹித் பாஷா சாவியை உயர்த்திப் பிடித்தார்.

"அப்டியே பாயோட ஷூவக் காட்டுப்பா" என்றார் துரைசாமி. கேமரா கீழே இறங்கியது. வாசலுக்கு மேலே இருந்த திரையில், நாலு மாடி உயரத்துக்கு, வாஹித் பாஷாவின் கால்கள் தெரிந்தன.

இரண்டிலும் வலது ஷூ.