கறுப்புப் பாறை ஊற்று

பதிப்பகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி அவளுக்கு முகம் சுளிக்கும். இருபத்திரண்டு வருடமாக அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பிழை பார்ப்பவள் அவள்தான். அந்தப் பதிப்பகம் பயணப் புத்தகங்கள் மட்டுமே போட்டது. பாலைவனம், பனிமலை, ஆளில்லாத தீவு என்று யார் யாரோ செத்துப் பிழைத்துப் போய்வந்த இடங்களையெல்லாம் அவள் நாற்காலியை விட்டு நகராமலே சுற்றி வந்திருந்தாள். "நான் ஏறாத மலை இல்ல. இந்த மாடிப்படிதான் ஏற முடியல" என்பாள். இப்போதெல்லாம் அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது. மதியத்துக்கு மேல் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவள் மேசைக்கு முன் வந்து நின்றார். நகக்கண்ணில் கறுப்பு மை மாதிரி கிரீஸ். லாரி மெக்கானிக் என்று சொன்னார். உப்புப் பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்த ஒருவர் எழுதிய புத்தகம் அவர் கையில் இருந்தது. அந்தப் பதிப்பகம் போட்ட புத்தகம்தான். எழுதியவர் போன வருடம் காலமாகிவிட்டார்.

"மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு. யார்கிட்ட சொல்லணும்னு தெரியல."

"எங்கிட்டயே சொல்லுங்க."

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். 'காய்ந்த ஆற்றிலிருந்து அரை நாள் நடந்தால் கறுப்புப் பாறைக்கு அடியில் ஊற்று இருக்கிறது.'

"அங்க ஊத்து இல்ல மேடம். பாறை இருக்கு. அடியில மண்ணுதான்."

"நீங்க போனீங்களா?"

"நானும் என் மச்சானும். சம்சாரத்தோட தம்பி. இந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டு எங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரு வருஷம் திட்டம் போட்டு, கோடையில கிளம்பினோம். அரை நாள்ல தண்ணி கெடைக்கும்னு கைல இருந்ததைக் குடிச்சிட்டோம்." புத்தகத்தை மூடி வைத்தார். "ரெண்டாம் நாள் சாயங்காலம் உப்பு ஏத்தற லாரிக்காரர் ஒருத்தர் எங்களைப் பாத்துட்டார். எனக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் மச்சானுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ஆகும். வெளியே காத்திருக்கும் நேரத்தில் இந்தத் தெருப் பக்கம் நடந்து, பதிப்பகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறி வந்திருக்கிறார்.

"இன்னொருத்தர் இதை நம்பிப் போயிரக் கூடாதில்ல? அதான்."

அவள் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போனாள். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி பழுப்பு உறைக்குள் இருந்தது. ஊற்று இருக்கிறது என்ற வாக்கியத்துக்கு அடுத்து, அவர் கோணல்மாணலான கையெழுத்தில் இன்னொரு வாக்கியம் இருந்தது: 'கோடையில் வற்றிவிடும், நம்பிப் போக வேண்டாம்.' அச்சில் பக்கம் மாறும் இடத்தில் அது விழுந்துபோயிருந்தது. கூடவே இருந்த, பிழை திருத்திய அச்சுத் தாள்களின் மேல் சிவப்பில் 'சரி பார்த்தாயிற்று' என்று எழுதி, கீழே அவள் கையெழுத்து.

தேதி இருந்தது. அவள் மேசைக்குத் திரும்பி, பழைய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினாள். அன்று வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருந்திருக்கக் கூடாதா, ஒரு சாவு விழுந்திருக்கக் கூடாதா என்று அவள் மனசு அலைந்தது. ஒன்றுமில்லை. துணி வெளுக்கப் போட்டது என்று ஒரு வரி இருந்தது. சாதாரண ஒரு நாள். அசதியில் கண் ஒரு வரி தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"தம்பி, அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். விட்டது நான்."

மெக்கானிக் கையெழுத்துப் பிரதியின் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு வரிதானா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் அதற்காகக் காத்திருந்த மாதிரி தெரியவில்லை.

முதலாளி முதலில் தட்டிக்கழித்தார். "எழுதினவரே போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப போய்க் கிளறணுமா?" அவள் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "விட்டுப்போன வரியைச் சீட்டா அடிச்சு ஒட்டிருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை சீட்டு வந்தது. மெக்கானிக்கும் வந்தார், மச்சானை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு. கிடங்கில் நானூறு பிரதிகள் மிச்சம். இருவரும் தரையில் உட்கார்ந்து, பக்கம் விரித்து, பசை தடவி, ஒட்டினார்கள். லாரி இன்ஜினுக்குப் பழகிய விரல்களில் அந்தச் சின்னக் காகிதம் கோணிக்கொண்டே போயிற்று.

"நாலு கோணலா ஒட்டிட்டேன்க்கா."

"பரவால்ல. படிக்க முடிஞ்சா போதும்."

நூறு தாண்டியதும் அவள் கேட்டாள்: "உங்க மச்சானை நான் வந்து பார்க்கட்டுமா? நேர்ல சொல்லணும்."

"வேணாம்." உடனே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் அந்த வருஷம் மட்டும் ஊத்து வத்திப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டிருக்கான். மெஷின்ல படுத்துக்கிட்டு இன்னமும் அதே புத்தகத்தைத்தான் படிக்கிறான். நம்ம நேரம் சரியில்ல மாமாங்கறான். அப்படியே இருக்கட்டும்க்கா. தப்பு யாரோடதுன்னு தெரிஞ்சா அவனுக்கு இனிமே படிக்க ஒண்ணும் இருக்காது."

அவள் அடுத்த பிரதியை விரித்தாள். வேலை நிற்கவில்லை. ஒரு மணிக்கு அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மீதியை அவள் ஒட்டி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை என்ன செய்ய? நூலகங்களுக்குக் கடிதம் எழுதினாள். அறுபது கடிதத்துக்கு மூன்று பதில் வந்தது. வேலையை விட்டுவிடுவதாக முதலாளியிடம் சொன்னாள். அவர், "வேற ஆள் வந்தா அவங்க கண்ணும் அசரத்தானே செய்யும்?" என்றார். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் மறுபடி படியேறி வந்தார். இன்னும் இளைத்திருந்தார்.

"அவர் எழுதினது வேற ஏதாவது இருக்கான்னு மச்சான் கேக்கிறான்."

பனிப் பிரதேசத்தைப் பற்றி ஒன்று இருந்தது. அவள் அலமாரியிலிருந்து எடுத்தாள். நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் பொறுங்க தம்பி. கையெழுத்துப் பிரதியோட வச்சு ஒரு தடவை பார்த்துடறேன்."

மெக்கானிக் அவளையே பார்த்தார்.

"அவன் இனிமே எங்கக்கா போகப்போறான்?" என்றார். "சும்மா குடுங்க."

கொடுத்தாள்.