ஒன்பது மணி வரைக்கும்

ஞானதாசனின் தாடையைச் சுற்றித் துணி கட்டி முடிச்சுப் போட்ட கையோடு, ராஜபாய் மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அப்போதுதான் விடியத் தொடங்கியிருந்தது. உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஒன்பது மணி வரைக்கும் சத்தம் வரப்பிடாது. கலியாணக்காரவிய வந்து குளிச்சு உடுத்து மண்டபத்துக்குப் போவட்டு. பொறவு அழலாம்."

அவர்கள் நடத்தும் லாட்ஜின் மாடியிலுள்ள ஆறு அறைகளையும் ஒரு கல்யாணக் கூட்டம் மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தது. ஆறேமுக்கால் ரயிலில் பதினாறு பேர் இறங்குவார்கள். கீழே பின்கட்டில்தான் வீடு. அழுதால் மேலே கேட்கும். சொந்தக்காரர்களுக்கும் போதகருக்கும் இன்னும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்க ஜெஸ்பினுக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்காக அழ, யாரோ குளித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேறு லாட்ஜில் இடம் பிடித்துவிடலாம் என்று கிளம்பினாள். ரயில் நிலையத்துக்கு வெளியே லாட்ஜுக்கா பஞ்சம்? அந்த ஒரு தெருவிலேயே ஒன்பது. தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலை விட்டு இறங்குகிறவன் அதிக தூரம் நடக்கமாட்டான் என்பது ஒன்பது முதலாளிகளுக்கும் தெரியும். அதனால்தான் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் கடை விரித்திருக்கிறார்கள். அன்று முகூர்த்த நாள். ஏழு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது எதிர்த்த லாட்ஜ், அய்யம்பெருமாளுடையது.

அவரும் அப்பாவும் பேசி நான்கு வருடமாகிறது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பயணியின் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பிடி தனியாக வந்துவிட்டது. அந்த ஆள் இருவரையும் திட்டிவிட்டு மூன்றாவது லாட்ஜுக்குப் போய்விட்டார். நஷ்டம் இரண்டு பேருக்கும்தான், ஆனால் வீம்பை விட ஒருவருக்கும் மனசில்லை.

"மாமா, அப்பா போயிட்டாவ."

அய்யம்பெருமாள் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "எப்ப மக்களே?"

"இப்பத்தான். கலியாணத்துக்குப் பதினாறு பேரு வாறாவ. அவிய போறது வரைக்கும் அழப்பிடாதுன்னு அம்மை வாயப் பொத்திட்டு இருக்கா. ஒங்கட்ட ரூம் உண்டுமா?"

"ரூம் எல்லாம் ஆளு இருக்கே." நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு மாடியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "பிச்சம்மா, பிள்ளைகள எழுப்பு. பாயெல்லாம் சுருட்டி வையி. கலியாணக்காரவிய நம்ம வீட்டுல குளிக்கட்டு."

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயில் வந்து நின்றதும் ஸ்டேஷன் வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஞானதாசன் லாட்ஜுக்கு வந்தவிய இங்க வாங்க! ஞானதாசன் லாட்ஜு!"

கூட்டத்தின் பெரியவரிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டு தலையசைத்தார். பட்டுச்சேலைப் பைகளும் பூக்கூடையுமாகப் பதினாறு பேரும் சத்தமில்லாமல் எதிர்த்த மாடிக்கு ஏறினார்கள். ஜெஸ்பினுக்கு அய்யம்பெருமாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அவரோ நின்று பார்க்காமல் வெந்நீர் போடச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, எல்லாரும் எதுத்த வீட்டுக்குப் போயாச்சு. இனி நீ அழு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

ராஜபாய் வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"அங்க வீட்டுல ஒரு பாத்ரூம்தானே உண்டு," என்றாள். "பதினாறு பேருக்கும் சுடுவெள்ளம் காணுமா?"

அப்போதுதான் ஜெஸ்பினுக்கு அழுகை வந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி, வாயைப் பொத்தாமல் அழுதாள். ராஜபாய் சற்று நகர்ந்து, கட்டிலோரத்தில் அவளுக்கும் இடம் விட்டாள்.