நட்சத்திரம் இல்லாத தெருவின் பாட்டு

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ராயபுரத்தில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பாடுகிற ஒரு காதல் பாட்டு. (தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். பாட்டும் என் கற்பனை, கட்டினவர்களும் என் கற்பனை.)

*நட்சத்திரம் இல்லாத தெருவுல – உன்
வாசல் எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பேன்?
ஒரு வார்த்தை சொல்லு, நின்னுடறேன்.*

கிறிஸ்துமஸ் பாட்டில் நட்சத்திரம் இல்லையாம்! டிசம்பர் பிறந்தால் மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டி வீட்டுக்கு வீடு தொங்கவிடுகிற ஊரில் எவன் இப்படி எழுதுவான்? விளக்கே ஏற்றக்கூடாத வருஷத்தில் இருந்தவன் எழுதுவான். அப்படியானால் 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் முழுக்க இருட்டடிப்பு.

2.

முதல் தொடக்கம்: 'அலைகள் கரையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த மாலையில் ஞானசெல்வி தன்…'

சீ, வேண்டாம். செல்விக்குக் கடலைப் பார்க்க ஏது நேரம்? காலையிலிருந்து அப்பாவின் மளிகை மண்டியில் பருப்பு புடைக்கிறவள் அவள்.

இரண்டாவது தொடக்கம்: துறைமுகத்திலிருந்து அந்த மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிறவன் அம்புரோஸ். எங்கே இறக்குவது என்று காட்டுகிறவள் செல்வி. இரண்டு வருஷமாக இடம் காட்டிக் காட்டியே இருவருக்கும் இடம் தெரிந்துபோயிற்று. ஆனால் அவள் அப்பா தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டண்டு. அம்புரோஸ் மாதா கோயில்காரன், கத்தோலிக்கன். ஏசு ஒருவர்தான், பெண் மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

"செல்வி, திங்கக்கெயம கப்பலுக்கு ஆள் எடுக்கறாங்கோ. கைநாட்டு வெச்சா ரெண்டு வருசம்."

"சண்டை நேரத்துல கப்பலா? கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு?"

"நீ வேணான்னு சொன்னா நான் இன்னாத்துக்குப் போறேன்? கேரல் பாட எங்க கோஷ்டியோட உன் வூட்டாண்ட வருவோம். மொத சரணம் நான் பாடிட்டு நிப்பேன். ரெண்டாவது நீ கட்டிப் பாடு. எல்லார் எதிர்லயும் பாடு. பாடினா அப்பவே உங்க நைனாகிட்ட பொண்ணு கேக்கறேன். பாடலன்னா, போய்க்கினே இருப்பேன்."

மூன்று நாள் பருப்பு புடைத்துக்கொண்டே அவள் கட்டினாள்:

*கதவ நான் சாத்தல, காத்து சாத்திச்சு.
போவாதே, நில்லு, வந்துட்டேன்.*

(இதையும் அம்புரோஸ்தான் கட்டினான் என்பவர்களுக்கு: போங்கய்யா! இது வீட்டுக்குள்ளே நின்று எழுதிய வரி. 'போவாதே' மட்டும் அவன் பேச்சிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது. ஆசை இருந்தால் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.)

3.

வழக்கமாக ராத்திரியில் போகிற கேரல், இருட்டடிப்பால் அந்த வருஷம் பகல் நாலு மணிக்கே கிளம்பியது. ஊரைக் காலி செய்து ஓடினவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதனால் கோயில் பேதம் பார்க்காமல் ஆள் இருக்கிற வாசலில் எல்லாம் நின்றார்கள். கழுத்தில் டோலக் மாட்டி அடித்தவன் அம்புரோஸின் தோஸ்து ரஹீம்.

செல்வி இருட்டை நம்பித்தான் தைரியம் சேர்த்து வைத்திருந்தாள். இப்போதோ சுள்ளென்று வெயில். வீட்டு முன்பக்கத்து மண்டியில் ஆட்கள். எதிரே அம்புரோஸ். அவள் கையில் முந்திரிக்கொத்துத் தட்டு.

அவன் முதல் சரணம் பாடி நிறுத்தினான். டோலக்கும் நின்றது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம்! பாட்டு நல்லாருக்கு. ஜெபம் பண்ணுவோம்," என்றார் தேவப்பிரியம், கண்ணை மூடிக்கொண்டு.

புராட்டஸ்டண்டு வீட்டு வழக்கம் அது. பாட்டு முடிந்தால் வீட்டுக்காரர் ஜெபிப்பார். பாட்டு முடியவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? இப்படி ஒரு வழக்கம் இருப்பது அம்புரோஸுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தோன்றவில்லை.

(இங்கே தேவப்பிரியத்தைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷர். அதுதான் வம்பே.)

அரிசிக்காக ஜெபித்தார். இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபித்தார். "கப்பல்ல போற புள்ளைகளையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே," என்று உருகினார். செல்வி மனசுக்குள்ளேயே அவரோடு வாதாடினாள். ஐயோ அப்பா, அவன் இன்னும் போகவில்லையே, 'போகவிடாதீர்' என்று கேட்கக்கூடாதா!

ஆமென்.

அவள் வாயைத் திறந்தாள். "ஏட்டி, பராக்குப் பாக்காம பலகாரத்தைக் குடு," என்றார் அப்பா. ஆறு கைகள் தட்டுக்குள் வந்தன. அம்புரோஸ் கை வரவில்லை. அவன் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினான்.

4.

முடிவு அ: ஜெபத்தின் நடுவிலேயே அவள் பாடிவிட்டாள். – அடித்துவிட்டேன். பிறந்தது முதல் ஜெபத்தில் கண் திறந்தறியாத பெண்.

முடிவு ஆ: அவன் கப்பலேறினான். அவள் கிழவியாகி, ஒவ்வொரு டிசம்பரிலும் – இதையும் அடித்துவிட்டேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

இவ்வளவுதான் எழுத முடிந்தது: செல்வி தட்டைக் கீழே வைத்தாள். செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்தாள். கடைக்காரர்கள் பார்க்க, "ஏட்டி, என்னட்டி இது!" என்று அப்பா பதற, இரண்டாவது சரணத்தை முழுசாகப் பாடினாள். இனி அவளால் அந்த வீட்டுக்குள் பழைய செல்வியாகத் திரும்பிப் போக முடியாது. தெருவே கேட்டுவிட்டது.

கேட்காதவன் ஒருத்தன்தான். கோஷ்டி நாலு வீடு தாண்டிவிட்டது, டோலக் சத்தத்தில் அவள் குரல் அவனுக்கு எட்டவில்லை. அம்புரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். ரஹீமைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். டோலக் இப்போது உங்கள் கழுத்தில் தொங்குகிறது. பின்னால் அவள் மறுபடியும் முதலிலிருந்து பாடுகிறாள். உங்கள் கை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.