நாற்பத்தொரு நிபந்தனைகளுக்கு உட்பட்ட சைக்கிள்

“அப்போ நிழலு?”

“நிழலும் விழக்கூடாதுன்னு எழுதும்.”

“சைக்கிளுக்கு மட்டுமா, டீச்சருக்கும் சேத்தா?”

“டீச்சர் நிழலு ஆண்டவர் குடுத்தது வே. அதுல நாம கை வைக்க முடியாது. சைக்கிளுக்கு மட்டும் எழுதும்.”

இப்படித்தான் முப்பத்தெட்டாவது நிபந்தனை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. கேட்டவர் பள்ளி நிர்வாகக் கமிட்டியின் செயலாளர் விக்டர், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். எழுதச் சொன்னவர் தாளாளர் தேவதாசன். வருடம் 1974, ஜனவரி. பள்ளிக்கூடம் தூத்துக்குடி ஊருக்குள் இல்லை. கிழக்கே ஐந்து மைல் தள்ளி, புதுத் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளத்து வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியது. கமிட்டி மட்டும் ஊருக்குள், மின்விசிறிக்கு அடியில் இருந்தது.

டீச்சர் என்று அவர்கள் சொன்னது இன்பமணியை. சாத்தான்குளத்துப் பெண், தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் தங்கி வேலை பார்த்தார். 1971 ஜூனில் ஒரே ஒரு தாளில் அவர் விண்ணப்பம் எழுதினார்: காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டியிருப்பதால் சைக்கிளில் வந்துபோக அனுமதிக்க வேண்டும். துறைமுகத்துக்கு ஷிப்டு பஸ் காலை ஐந்தரைக்கு ஒன்று, ஒன்பதே முக்காலுக்கு ஒன்று. முதலில் ஐந்தரை பஸ்ஸில் போய், பூட்டிய பள்ளிக்கூடத்துப் படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பெண் படியில் தனியாக உட்கார்ந்திருப்பது பள்ளியின் பெயருக்கு நல்லதல்ல என்று கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. குழாயடியில் பத்துக் குடமும் காலியாகக் கிடக்கிறது என்று மதினி அற்புதமணியும் சொன்னாள். குழாயில் தண்ணீர் ஏழு மணிக்குத்தான் வரும். பத்துக் குடத்தையும் நிரப்பிவிட்டு நடந்து போனால், பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒன்பது இருபது ஆகும்.

ஒன்பது அடித்ததும் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம். ஒரு கல்வியாண்டு முழுக்கக் கோட்டுக்கு மேலே கையெழுத்து விழுந்தால்தான் வேலை நிரந்தரமாகும். ஆகாவிட்டால் சாத்தான்குளத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே மனைவியை இழந்த ஒரு கருப்பட்டி மண்டிக்காரர் காத்திருந்தார். அவர் பெண் பார்க்க வரவில்லை. ரவிக்கை அளவை மட்டும் கேட்டு எழுதியிருந்தார், முதல் மனைவியின் ரவிக்கைகள் இருபத்திரண்டு வீணாகக் கிடந்ததால்.

டீச்சர் சைக்கிள் ஓட்டுவதில் கமிட்டியில் ஒருவருக்குக்கூட ஆட்சேபணை இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு பேரும் படித்தவர்கள். மூன்று பேர் கொழும்புக்குப் போய்வந்தவர்கள். ஒரு பெண் தினமும் வேலைக்கும் கடைகண்ணிக்கும் போய்வர மிகச் சிறந்த சைக்கிள் எது என்று தீர்மானித்துவிட்டால் போதும், அதில் தாராளமாகப் போகட்டும் என்றார்கள். அதுவரைக்கும் மற்ற சைக்கிள்களில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது கூட்டத்தில் பெடல் போயிற்று. பெடல் மிதித்தால் சேலைக்குள் முழங்கால் ஏறி இறங்கும், டீச்சருக்கு முழங்கால் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்றார் ஒருவர். சங்கிலியில் கிரீஸ் இருக்கும்; வேதபாடம் நடத்துகிற கைக்கு அது ஆகாது. மணி அடித்தால் ஆண்கள் விலக வேண்டி வரும், ஆகவே மணி கூடாது. நிறத்தைப் பற்றிய விவாதம் 1972 முழுவதும் நடந்தது. சிவப்பும் கறுப்பும் கட்சிக்காரர்களுடையவை, பச்சை வேறு யாருக்கோ சொந்தம், வெள்ளையில் அழுக்குப் படும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டிய கையோடு நிறமே வேண்டாம் என்று முடிவாயிற்று.

இருபத்தாறாவது நிபந்தனைதான் அவர்களை மிகவும் படுத்தியது. நடந்து போகிற ஆணை அந்த சைக்கிள் முந்தக்கூடாது என்று முதலில் எழுதியிருந்தார்கள். முந்தாமல் போனால் ஒன்பது மணிக்கு எப்படி வந்து சேர்வது என்று தலைமையாசிரியர் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டார். நாலு மாதம் யோசித்து தேவதாசன்தான் வழி கண்டார்: முந்தலாம், ஆனால் முந்தப்பட்டவருக்கு அது தெரியக்கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிலிருந்துதான் சத்தம் வரக்கூடாது, கண்ணில் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பி நிழலில் வந்து நின்றது. டீச்சர் காலையில் கிழக்கே போவார், சாயங்காலம் மேற்கே வருவார். இரண்டு வேளையும் வெயிலைப் பார்த்தே போவதால் நிழல் பின்னால் நடந்து வருகிற ஆண்கள் மேல்தான் விழும் என்று விக்டர் தாளில் வரைந்தே காட்டினார்.

கடைசி மூன்று நிபந்தனைகளும் வீடுகளிலிருந்து வந்தவை. மண்ணெண்ணெய் டின் சிந்தாமல் தொங்க வேண்டும், ரேஷன் அரிசியும் பத்துக் குடம் தண்ணீரும் ஒரே நடையில் வந்து சேர வேண்டும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி திணறுவது தெரியக்கூடாது. “எப்படியும் அவ அந்த வழியாத்தானே வாரா” என்றாள் அற்புதமணி.

சைக்கிள் கடை செல்லப்பாண்டி, டீச்சர் கொண்டுபோன நிபந்தனைத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“இதுல வேணுங்கறதைவிட வேண்டாங்கறதுதான் கூடுதலா இருக்கு டீச்சர்.”

“முடியுமா அண்ணாச்சி?”

“சேக்கச் சொன்னாத்தான் கஷ்டம். கழட்டத்தானே சொல்லுதாவ.”

அவர் கடை விட்டத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் ஆறு வருடமாக வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, ஊரில் அதை வாங்குகிற துணிச்சல் யாருக்கும் வராததால். அதை இறக்கினார். பெடல், சங்கிலி, மணி மூன்றும் முதல் நாளே போயின. சத்தத்தைக் கழற்ற இரண்டு நாள் பிடித்தது. நிறத்தை உப்புத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க நிறத்துக்கு அடியில் இருந்த இரும்பும் சேர்ந்து மறைந்துவிட்டது. பழைய இரும்பு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நிழல்தான் லேசில் விடவில்லை. வண்டியை உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் மூன்று நாள் ஊறப்போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பின்சக்கரத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை அரம் வைத்து உரசி எடுத்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வெறுங்காற்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தெருவோடு நடந்தார்.

“என்ன அண்ணாச்சி, கையில ஒண்ணும் இல்லாம எதைத் தள்ளுதீரு?” என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“இது வாடகைக்கு இல்லலே” என்றார் செல்லப்பாண்டி.

1974 ஜூனில் பள்ளி திறந்த நாளிலிருந்து இன்பமணி டீச்சர் தரைக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் உட்கார்ந்தபடி வேலைக்குப் போனார். கால்கள் சேர்ந்திருந்தன, கைகள் முன்னால் நீண்டிருந்தன, கச்சான் காற்றிலும் சேலைக் கரை அசையவில்லை. குழிகளில் மட்டும் லேசாகத் துள்ளினார். பெடல் இல்லாமல் எப்படி நகர்கிறது என்று கேட்டவர்களிடம், நேரமாயிற்றே என்று டீச்சர் நினைத்தால் போதும், அது போகும் என்று செல்லப்பாண்டி விளக்கினார். மூன்று வருடமாக டீச்சர் நினைத்ததும் வேறொன்றும் இல்லை. நகராட்சியில் சைக்கிள் லைசென்ஸ் வில்லை வாங்கப் போனபோது குமாஸ்தா ஆண் வண்டியா பெண் வண்டியா என்று மட்டும் கேட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பித்தளை வில்லை டீச்சருக்கு ஓர் அடி முன்னால் அந்தரத்தில் ஆடிக்கொண்டே போயிற்று. நகராட்சியோடு மோத வேண்டாம் என்று கமிட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை.

கமிட்டி வண்டியைப் பார்வையிட்டது. பதினோரு பேரும் சுற்றி நின்று, தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு டிக் போட்டார்கள். குறை சொல்ல அங்கே எதுவுமே இல்லை. விக்டர் மட்டும் சுற்றி வரும்போது முழங்காலுக்குக் கீழே எதிலோ இடித்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டினார், கேட்டவர்களிடம் வாதம் என்று சொன்னார்.

சாலையில் போன ஆண்கள் நன்றாகவே நடந்துகொண்டார்கள். துறைமுகத் தொழிலாளர்கள், லாரி டிரைவர்கள், உப்புச் சுமக்கிறவர்கள் எல்லோரும் டீச்சர் நெருங்கும்போது சரியாக அந்த நேரத்தில் கடலைப் பார்த்தார்கள், அல்லது குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. வழிவிட்டவர்கள் மட்டும் இருந்தார்கள். நவம்பர் மழையில் சாலைச் சேற்றில் ஒற்றைத் தடம் ஒன்று நீளமாக விழுந்தது. அதற்கு ஒரு நிபந்தனை போட விட்டுப்போயிற்றே என்று தேவதாசன் வருத்தப்பட்டார். சாயங்காலங்களில் டீச்சருக்கு இரு பக்கமும் மண்ணெண்ணெய் டின்களும், பின்னால் அரிசி மூட்டையும், யாருடைய வீட்டுக்கோ போக வேண்டிய வாழைத்தாரும் மிதந்து வந்தன. தெருவில் பதினேழு வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவதையே மறந்துபோனார்கள். நன்றி சொல்லத் தேவையிருக்கவில்லை, எதையும் அவர் சுமப்பதாகத் தெரியவில்லை அல்லவா. பதிவேட்டில் பத்து மாதமாக இன்பமணியின் கையெழுத்து சிவப்புக் கோட்டுக்கு மேலேயே இருந்தது. கருப்பட்டி மண்டிக்காரர் இரண்டாவது கடிதம் எழுதியிருந்தார், ரவிக்கைகளைப் பூச்சி அரிப்பதாக.

1975 ஏப்ரலில் பள்ளியின் கடைசி நாள். அன்றைக்கும் ஒன்பதுக்குள் கையெழுத்து விழுந்துவிட்டால் ஆண்டு நிறைவாகும். நிரந்தர உத்தரவைத் தாளாளர் தன் கையால் எடுத்து வந்து, கல்வி அதிகாரியின் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதிகாரி சரியாக ஒன்பதுக்கு வந்து, ஒன்பதரைக்கு விளாத்திகுளம் போகிறவர். அன்று கொடுக்காத உத்தரவு பிறகு செல்லாது.

தேவதாசன் கோட்டு போட்டுக்கொண்டு, உத்தரவைத் தோல்பையில் வைத்துத் தன்னுடைய கறுப்பு சைக்கிளில் புறப்பட்டார். மூன்றாவது மைலில் சங்கிலி அறுந்தது. ஒதுங்க ஒரு மரம் இல்லை, இரண்டு பக்கமும் ஓலை போர்த்திய உப்பு அம்பாரங்கள்தான். உப்பளத்து ஆட்கள் தூரத்தில் எறும்புகளாகத் தெரிந்தார்கள். லாரி எதுவும் வரவில்லை. மணி எட்டே முக்கால். அப்போது மேற்கேயிருந்து சாலையில் டீச்சர் வந்துகொண்டிருந்தார்.

பத்து மாதத்தில் தேவதாசன் அவரை அந்தச் சாலையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பழக்கப்படி கடல் பக்கம் திரும்பினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உத்தரவு இல்லாமல் அதிகாரியின் முன்னால் டீச்சர் என்ன செய்வார், அதிகாரி தன்னைப் பற்றி என்ன எழுதுவார் என்று இரண்டையும் நினைத்தார். இரண்டாவதைக் கொஞ்சம் அதிக நேரம் நினைத்தார். நாற்பத்தொரு நிபந்தனைகளையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டினார். ஆண் ஒருவரை ஏற்றிச் செல்வதைப் பற்றி ஒன்றிலும் ஒரு சொல் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று பதினோரு பேரில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

டீச்சருக்கும் கணக்கு தெரியும். நின்றால் ஒன்பதுக்குள் கையெழுத்துப் போட முடியுமா என்பது சந்தேகம். நிற்காமல் போனால் கையெழுத்து விழும், உத்தரவு இந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருக்கும். அவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பித்தளை வில்லை வெயிலில் மின்னிக்கொண்டு நெருங்கியது. பத்தடி தூரத்தில் தேவதாசன் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்து மறுபடி மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து, டீச்சர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“டீச்சர், பின்னால என்னையும் கொஞ்சம் ஏத்திக்கிடுங்களேன்.”